ஏழு தடவை பார்த்தார்கள்

எருமப்பட்டி ரோட்டிலிருந்து சின்னமேட்டுப்புதூருக்குப் பிரியும் வளைவில் ஒரு பச்சைப் பலகை நிற்கிறது. ‘நூறு சதவீதம் பரிசோதிக்கப்பட்ட கிராமம்’ என்று அதில் எழுதியிருக்கும். ஊரில் ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு பேர். அத்தனை பேருக்கும் சர்க்கரை, ரத்த அழுத்தம், ரத்தசோகை, கட்டி என்று நான்கு வகைச் சோதனையும் முடிந்துவிட்டது. அவர்களில் யாருக்கு என்ன நோய் என்பது பலகையில் இல்லை. அதற்கு வேறு பலகை வேண்டும். அது இன்னும் வரவில்லை.

அந்த ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டில் ஒருத்தி செல்லாயி. அவள் கணவன் சென்றாயன், ஊருக்குக் கிழக்கே இருக்கும் முட்டைக் கோழிப் பண்ணையில் பதினெட்டு வருஷமாக மேஸ்திரி. அவர்களுக்குப் பிள்ளை இல்லை. நாற்பதாயிரம் கோழிகள் இருந்தன. எந்தக் கோழிக்கு எப்போது என்ன மருந்து என்பது சென்றாயனுக்கு மனப்பாடம். ஏழாம் நாள் குஞ்சின் கண்ணில் சொட்டு. பிறகு ஒரு வாரம் விட்டு இன்னொன்று. பிறகு தண்ணீரில். பிறகு இறக்கையில் ஊசி. ஒரே சுற்றில் எதுவும் பிடிக்காது, சுற்றுச் சுற்றாகப் போனால்தான் உடம்பில் ஏறும் என்று பண்ணைக்கு வரும் டாக்டர் சொல்லிக் கொடுத்திருந்தார். ஷெட்டுக்குப் பத்துக் கோழியிடம் ரத்தம் எடுத்து நாமக்கல் லேபுக்கு அனுப்பினால் மறுநாளே ஃபோன் வரும். ஃபோனை வைத்த கையோடு தொட்டியில் மருந்தைக் கலந்துவிடுவார்கள். கோழியைக் கூப்பிட்டு யாரும் எதுவும் விளக்குவதில்லை.

போன வருஷம் ஆனி மாதம் ஒரு மத்தியானம், தீவன மூட்டையை இறக்கிவிட்டு வந்த செல்லாயி சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

“ஏனுங்க, எடது பக்கம் மாருல என்னமோ உருளுதுங்க. புளியங்கொட்டையாட்ட.”

“வலிக்குதா?”

“வலியெல்லாம் இல்லீங்க. கையில தட்டுப்படுது, அவ்வளவுதான்.”

“பள்ளிக்கூடத்துல நாளைக்குக் கேம்பு போடறாங்களாமா. போய்க் காட்டிப்போடலாம்” என்றான் சென்றாயன்.

கேம்புக்குப் பெயர் ‘முந்திக்கொள்வோம்’. நோய் நம்மைப் பிடிப்பதற்குள் நாம் முந்திக்கொண்டு நோயைப் பிடித்துவிட வேண்டும் என்பது அந்தத் திட்டத்தின் கருத்து. ஷாமியானாவுக்குள் ஐந்து மேசைகள். பெயர் ஒரு மேசையில், எடை ஒரு மேசையில், விரலில் குத்துவது ஒரு மேசையில். நாலாவது மேசை திரை போட்டுப் பெண்களுக்கு. ஐந்தாவதில் மாத்திரை. ஐந்தையும் சுற்றி வந்தவர்களுக்குத் திட்டத்தின் பெயர் போட்ட தொப்பி ஒன்று.

திரைக்குப் பின்னால் சுகன்யா என்ற நர்ஸ் இருந்தாள். சின்ன வயசு, வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம். மற்றப் பெண்கள் உள்ளே போன வேகத்தில் வெளியே வந்தார்கள். செல்லாயி உள்ளே போய் வெகுநேரம் ஆனது. வெளியே வந்த சுகன்யாவின் முகம் மாறியிருந்தது. மஞ்சள் சீட்டில் ‘சந்தேகம் – மேல் சிகிச்சை தேவை’ என்று சிவப்பு மையில் எழுதி, இரண்டு கோடு போட்டாள்.

“அண்ணா, இதப் பெரிய ஆஸ்பத்திரில காட்டணுங்க. நா கம்ப்யூட்டர்ல ஏத்தியுடறேன். உங்க ஃபோனுக்கு ஒரு நம்பரு வரும். அதக் காட்டுனா நேரா உள்ள உட்டுருவாங்க.”

“பயப்படற மாதிரிங்களா, சாமி?”

“சீக்கிரம் போனா ஒண்ணுமில்லீங்கண்ணா.”

ஐந்தாவது மேசையில் முப்பது சிவப்பு மாத்திரை கொடுத்தார்கள். சாயங்காலம் ஃபோனில் மெசேஜும் வந்தது. ‘வாழ்த்துகள் செல்லாயி! நீங்கள் வெற்றிகரமாகப் பரிசோதிக்கப்பட்டுவிட்டீர்கள்.’ சென்றாயன் அதை இரண்டு தடவை சத்தமாகப் படித்துக் காட்டினான். செல்லாயி பத்தாவது படித்தபோது கூட இப்படி யாரும் வாழ்த்தியதில்லை. அதில் அவள் ஃபெயில்.

நம்பர் மட்டும் வரவில்லை.

ஆடி போயிற்று, ஆவணி போயிற்று. செல்லாயி தினமும் மறக்காமல் சிவப்பு மாத்திரை போட்டுக்கொண்டாள். தீர்ந்ததும் துணை சுகாதார நிலையத்தில் கேட்டு வாங்கிக்கொண்டாள். புளியங்கொட்டை கோலிக்குண்டு ஆனது.

“நம்பரு வரலீங்களே” என்றாள் ஒரு நாள்.

“நம்பரு வந்தா என்ன, வராட்டி என்ன? மருந்துதான் குடுத்துட்டாங்கல்ல” என்றான் அவன். ஆனாலும் மனசு கேட்காமல், புரட்டாசியில் அவளைக் கூட்டிக்கொண்டு இரண்டு பஸ் மாறிச் சேலம் போனான்.

திட்டத்தின் அலுவலகம் அஸ்தம்பட்டியில் ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இருந்தது. லிஃப்ட் இல்லை. மாடிப்படிச் சுவரில் ‘மூச்சு வாங்குகிறதா? உடனே பரிசோதியுங்கள்’ என்று படிக்குப் படி எழுதியிருந்தார்கள். மேலே ஒருங்கிணைப்பாளர் நவநீதகிருஷ்ணன் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் சுவர் முழுக்க ஒரு வரைபடம். கோடு கீழேயிருந்து மேலே ஏறிக் கூரையைத் தொட்டு நின்றது. அவர் நல்ல மனிதர். இரண்டு பேருக்கும் நாற்காலி போடச் சொல்லிவிட்டுத்தான் சீட்டை வாங்கினார்.

“எந்த மாசம் பாத்ததுங்க இது?”

“ஆனிங்க.”

“ஜூன். இப்ப செப்டம்பர் முடியப் போகுது. ஒரு சந்தேகம் தொண்ணூறு நாளைக்குத்தான் செல்லும். உங்களுது காலாவதி ஆயிருச்சுங்க.”

சென்றாயன் மனைவியைத் திரும்பிப் பார்த்தான்.

“கட்டி அப்படியேதானுங்க இருக்குது. கொஞ்சம் பெருசாக்கூட ஆயிருக்குதாமுங்க.”

“இருக்கட்டுங்க, நான் இல்லைங்கல. ஆனா இது ஜூன் மாசக் கட்டி. இத வெச்சு நான் செப்டம்பர்ல ஒண்ணும் பண்ண முடியாது. ஊருக்குப் போயி செப்டம்பர் கட்டியா ஒருக்கா பதிஞ்சுட்டு வந்துருங்க. அஞ்சு நிமிஷ வேல.”

“ஏனுங்க, அந்த நம்பரு ஏன் வரல?”

நவநீதகிருஷ்ணன் முன்னால் சாய்ந்து, குரலைத் தணித்துக்கொண்டார்.

“ஒரு ஊர்ல சந்தேகம் நூத்துக்கு அஞ்சத் தாண்டக் கூடாதுங்க. தாண்டுனா மேல கேள்வி கேப்பாங்க, ஏன் உங்க ஊர்ல மட்டும் இத்தன நோவுன்னு. உங்க ஊரு நர்ஸ் பொண்ணு புதுசு. கையில தட்டுப்பட்டத எல்லாம் எழுதிருச்சு.”

“அப்ப வைத்தியம் ஆருங்க பாப்பாங்க?”

“அது வேற டிபார்ட்மெண்ட். எங்க வேல கண்டுபிடிக்கிறது. ரெண்டையும் ஒரே ஆபீஸ்ல வெச்சா, கண்டுபிடிச்சதுக்கெல்லாம் நாங்களே பதில் சொல்ல வேண்டி வந்துரும் பாருங்க.” சென்றாயனுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. “இன்னொண்ணு. நடுவுல தனியார்ல எங்கயும் காட்டிராதீங்க. அவங்க ஒண்ணு எழுதுவாங்க, நாம ஒண்ணு எழுதியிருப்போம். ரெக்கார்டு குழம்பிப் போகும். அப்பறம் உங்களுக்குத்தான் சிரமம்.”

படியிறங்கும்போது செல்லாயிக்கு மூச்சு வாங்கியது. சுவரில் எழுதியிருந்தபடி நடந்துகொள்ள அவள் ஏற்கெனவே சம்மதித்திருந்தாள்.

பஸ்ஸில் சென்றாயனுக்கு விஷயம் பிடிபட்டது. இத்தனை நேரம் வீணாகக் குழம்பியிருக்கிறோம் என்று தோன்றியது. முதல் சுற்று ஆனியில். தொண்ணூறு நாள் இடைவெளி. இது இரண்டாம் சுற்று. இடைவெளி தவறினால் முதல் சுற்றும் வீணாகும். குஞ்சுகளுக்கும் அப்படித்தானே.

“இவிய கணக்காத்தான் பண்றாங்க புள்ள. நமக்குத்தான் வெளங்கல” என்றான். செல்லாயி ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். புருஷனுக்கு விளங்கியதில் அவளுக்கும் நிம்மதி.

மறு வாரம் அவளை இரண்டாம் தடவை பார்த்தார்கள். ஐப்பசியில் நடமாடும் வண்டி வந்து மூன்றாம் தடவை பார்த்தது. வண்டியில் சுகன்யா இல்லை. இருந்தவர் தொடவில்லை. “கட்டி இருக்குதா?” என்று கேட்டு, “இருக்குதுங்க” என்றதும் ஒரு டிக் போட்டுக்கொண்டார். ஒவ்வொரு தடவையும் ஒரு மஞ்சள் சீட்டு, முப்பது சிவப்பு மாத்திரை, ஒரு தொப்பி. தொப்பிகளைச் சென்றாயன் பண்ணை ஆட்களுக்குக் கொடுத்தான். நாலாம் ஷெட்டில் எல்லோரும் முந்திக்கொண்டவர்களாகத் திரிந்தார்கள்.

கார்த்திகையில் ஊருக்கு நெருக்கடி வந்தது. ஒன்றியத்திலேயே முதல் நூறு சதவீத ஊர் என்று அறிவிக்க நாள் குறித்தாகிவிட்டது. ஆனால் ஊரில் பாதி ஆண்கள் லாரியில், கால்வாசிப் பேர் வடக்கே போர் போடும் ரிக் வண்டியில். கம்ப்யூட்டருக்கு இதெல்லாம் தெரியாது. தெரிந்தவர்கள் சமாளித்தார்கள். டிரைவர் இளவழகன் நாக்பூரில் லோடு இறக்கிக்கொண்டிருந்தபோது அவன் ஃபோனுக்கு வாழ்த்து வந்தது. சர்க்கரை தொண்ணூற்றெட்டு. அவன் அங்கிருந்தே அம்மாவுக்குப் போன் போட்டான்.

“எம்மா, நா ஊட்டுக்கு வந்தனா?”

“இல்லியே கண்ணு.”

“ரத்தம் குடுத்துட்டுப் போயிருக்கறனாமா. நல்லா இருக்குதாம். அப்ப நா இங்க ஜிலேபி சாப்பிட்டுக்கறேன்.”

ஆண்களை இப்படி முடித்தார்கள். பெண்களுக்குத் திரைக்குப் பின்னால் ஆள் போவதைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். இரண்டு பெண்கள் குறைந்தார்கள். ஒருத்தி பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தாள், இன்னொருத்தி திருப்பூரில். மேலேயிருந்து போன் மேல் போன் வரவே, சுகன்யா பண்ணைக்கே வந்தாள். கண்ணைப் பார்த்துப் பேசவில்லை.

“அக்கா, ரெண்டு பேரு கொறையுதுங்க. நீங்க ஒருக்கா...”

“அதுக்கென்ன கண்ணு, வாரேன்” என்றாள் செல்லாயி.

“ஒரே நாள்ல ரெண்டு தடவ பாக்கறாங்களா?” என்று சென்றாயன் ஆச்சரியப்பட்டான். சந்தோஷமாகத்தான் கேட்டான். நோய் முற்றிய ஷெட்டில் டாக்டர் காலையும் மாலையும் மருந்து போடச் சொல்வதுண்டு. அது நாலு, ஐந்து. பேர் வேறாக இருந்தாலும் கொடுத்த ஃபோன் நம்பர் செல்லாயியுடையது என்பதால் கம்ப்யூட்டர் இரண்டையும் அவள் கணக்கிலேயே ஏற்றிக்கொண்டது. மார்கழியில் தணிக்கைக்கு முன்னால் ஒன்று, தையில் தணிக்கைக்கு வந்தவர்கள் கண்ணெதிரே ஒன்று. ஆக ஏழு.

இதற்குள் செல்லாயிக்குத் தீவன மூட்டை தூக்க முடியவில்லை. முட்டைத் தட்டு தூக்க முடியவில்லை. இடது கை வீங்கிப் போய் ரவிக்கைக் கையைப் பிரித்துத் தைத்துக்கொண்டாள். படுத்தால் மூச்சு முட்டியது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினாள்.

“மருந்து வேல செய்யுது. குஞ்சுக்குக்கூட மருந்து போட்டா ரெண்டு நாளு சொணங்கித்தான் கெடக்கும். அப்பறம் பாரு, துள்ளும்” என்றான் சென்றாயன்.

“ஆமாங்க” என்றாள் அவள்.

மாசி மாதம் பள்ளிக்கூட மைதானத்தில் விழா. செல்லாயியை முதல் வரிசையில் உட்கார வைத்தார்கள். திட்டத்தின் மூன்று வருஷச் சரித்திரத்தில் ஏழு தடவை பரிசோதிக்கப்பட்ட ஒரே ஆள் அவள்தான் என்று கம்ப்யூட்டர் கண்டுபிடித்திருந்தது. அவளுக்கு ‘முன்மாதிரிப் பயனாளி’ கேடயம். நவநீதகிருஷ்ணன் பேசினார்.

“மூணு வருஷத்துக்கு முந்தி இந்த மக்கள் எங்க இருக்காங்கன்னே நமக்குத் தெரியாது. இன்னைக்கு அத்தன பேரும் கம்ப்யூட்டர்ல இருக்காங்க. நாக்பூர் போனாலும் சரி, மேல போனாலும் சரி, அதுல இருந்து அவங்க நகர முடியாது!” கைதட்டல். “சில பேரு கேக்கறாங்க, கண்டுபிடிச்ச பொறவு என்னன்னு. நான் அவங்களத் திருப்பிக் கேக்கறேன். கண்டுபிடிக்கறதுக்கே இத்தன பாடு பட்டிருக்கறோம். அதுக்கு ஒரு நன்றி சொல்லாம, உடனே அடுத்தது என்னங்கறது மனுசத்தன்மையா?” மறுபடியும் கைதட்டல். “மத்தவங்க ஒரு தடவ வரதுக்கே பயப்படறாங்க. இந்தம்மா ஏழு தடவ! நோய்க்கே இந்தம்மாவப் பாத்தா பயம் வந்திருக்கும்!”

செல்லாயி மேடையேறி வலது கையை நீட்டினாள். படம் எடுப்பவர், “ரெண்டு கையாலயும் புடிங்கம்மா” என்றார். அவள் அசையவில்லை. கூச்சப்படுகிறாள் என்று நினைத்து நவநீதகிருஷ்ணனே அவள் இடது கையைப் பிடித்துத் தூக்கிக் கேடயத்தின் மேல் வைத்தார். செல்லாயி அலறினாள். அது மைக்கில் போய் ஊரெல்லாம் கேட்டது. உணர்ச்சிவசப்பட்டுவிட்டாள் என்று கூட்டம் எழுந்து நின்று தட்டியது.

மேடைக்குப் பின்னால் சுகன்யா ஓடி வந்தாள். முந்தானையை விலக்கிக் கையைப் பார்த்தாள். கழுத்தடியில் விரலை வைத்தாள். பிறகு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

“அண்ணா, ஆஸ்பத்திரிக்குப் போகவே இல்லீங்களா?”

“எதுக்குங்க? அதான் நீங்க பாத்துட்டு இருக்கறீங்களே. மருந்து தீரத் தீர வாங்கறோம். ஒரு வேள தவறலீங்க.”

“எந்த மருந்து?”

“செகப்பு மாத்தரைங்க.”

“அது சத்து மாத்தரைங்கண்ணா. ரத்தம் ஊற எல்லாருக்கும் குடுக்கறது.”

மைதானத்தில் பாட்டுப் போட்டுவிட்டார்கள்.

“ஏழு தடவ பாத்தீங்களே, சாமி?”

“பாத்தோங்கண்ணா” என்றாள் சுகன்யா. “பாத்தது மட்டுந்தாங்க.”

மறுநாள் விடிந்ததும் சுகன்யா லீவு போட்டுவிட்டு, தானே காரில் ஏற்றிச் சேலத்தில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். நம்பர் இல்லாமலே உள்ளே விட்டார்கள். டாக்டர் சௌந்தர்யா கையைக் கழுவிக்கொண்டு வந்து, செல்லாயியிடம் ஊர், பேர், சாப்பாடெல்லாம் விசாரித்தார். சென்றாயனைத் தனியே கூப்பிட்டு, நெஞ்சில் தண்ணீர் கோத்திருக்கிறது, ஈரலுக்கும் போய்விட்டது, இனி வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளத்தான் முடியும் என்றார்.

“ஆனியிலயே வந்திருந்தா?” என்று கேட்டான் சென்றாயன்.

டாக்டர் அவன் தோளைத் தொட்டார்.

வார்டில் கட்டில் இல்லை. நடையில் பாய் விரித்து, சுவரில் சாய்த்து உட்கார வைத்தார்கள். இரண்டு நாள் அப்படிப் போனது. மூன்றாம் நாள் நவநீதகிருஷ்ணன் ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார். கண் கலங்கித்தான் இருந்தது.

“சீட்டெல்லாம் கையில இருக்குதுங்களா?”

சென்றாயன் மஞ்சள் பையிலிருந்து ஏழு சீட்டையும் எடுத்தான்.

“பாருங்க, இதுல ஜூன்னு இருக்குது. அப்ப இது எட்டு மாச நிலுவைக் கேஸ். கமிட்டிக்குப் போகணும். கமிட்டி கூடறதுக்கு மூணு வாரம் ஆகும். கட்டில், ஊசி எல்லாம் அதுக்குப் பொறவுதான் திட்டத்துல வரும்.” பழப் பையைப் பாயோரம் வைத்தார். “இந்தச் சீட்டெல்லாம் இல்லைன்னு வெச்சுக்குங்க. இன்னைக்குத்தான் கண்டுபிடிச்சோம். இன்னைக்கே அட்மிஷன். அப்ப இது உடனடிக் கேஸ். அரை மணி நேரத்துல கட்டில், வலி ஊசி. அம்மா நிம்மதியாப் படுத்துக்கலாம்.”

சென்றாயன் மனைவியைப் பார்த்தான். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு, கண்ணை மூடி, முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தாள்.

“ஏனுங்க” என்றாள், கண்ணைத் திறக்காமலே. “அவிய கேக்கறதக் குடுத்துருங்க.”

கொடுத்துவிட்டான். முதல் சீட்டில் சிவப்பு மையில் போட்ட இரண்டு கோடு மேலேயே தெரிந்தது. நவநீதகிருஷ்ணன் ஏழையும் எண்ணி மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். சொன்ன சொல் தவறவில்லை. அரை மணி நேரத்தில் கட்டில் வந்தது, ஊசியும் வந்தது. செல்லாயி பல மாதத்துக்குப் பிறகு காலை நீட்டிப் படுத்தாள்.

“நல்லா இருக்குதுங்க” என்றாள்.

பதினோராம் நாள் இறந்துபோனாள்.

துக்கத்துக்கு வெண்ணந்தூரிலிருந்து சின்னண்ணன் என்ற பெரியவர் வந்தார். செல்லாயிக்கு மாமன் முறை. தறிக்காரர். வயசானவர். ஃபோன் பார்க்கத் தெரியாது, பேப்பர் மட்டும் ஒரு வரி விடாமல் படிப்பார். பந்தலுக்குள் வந்து சென்றாயன் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.

“எத்தன நாளா முடியாம இருந்துச்சு, மாப்ள?”

“ஆனி மாசத்துல இருந்துங்க மாமா.”

சின்னண்ணன் கையை எடுத்துக்கொண்டார். இடுப்பிலிருந்து மடித்து வைத்த பேப்பரை எடுத்துப் பிரித்தார். கேடயத்தோடு செல்லாயி படம். ‘கண்டறிந்த அன்றே கட்டில், அன்றே சிகிச்சை: முந்திக்கொள்வோம் திட்டம் சாதனை’ என்று மேலே போட்டிருந்தது. படத்தில் அவள் வாய் திறந்திருந்தது. சிரிப்பது போலவும் எடுத்துக்கொள்ளலாம்.

“அவிய கண்டுபுடிச்ச அன்னிக்கே கட்டலு குடுத்திருக்கறாங்க. பாரு, போட்டிருக்குது. நீ ஆனியில இருந்து ஊட்டுலயே வெச்சிருந்திருக்கற” என்றார். “ஊருக்கூருக்குக் கேம்பு போடறான். காசா, பணமா? ஒரே ஒருக்கா கூட்டியாந்து காட்டியிருந்தா, இன்னிக்கு எம்பட புள்ள இருந்திருக்குமல்ல மாப்ள?”

பந்தலில் இருந்த ஊர்க்காரர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். யாராவது எடுத்துச் சொல்வார்கள் என்று ஒவ்வொருவரும் நினைத்தார்கள். சென்றாயன் பேப்பரை வாங்கி, படம் மடிப்பில் கசங்காதபடி நீவினான்.

“ஆமாங்க மாமா” என்றான். “ஒருக்கா காட்டியிருக்கலாமுங்க.”